கதை சொன்ன வைத்தியர் இப்னு துபைல்

1109ஆம் ஆண்டு, முஸ்லிம் ஸ்பெயினின் குர்துபா நகரில் ஒரு நூல் தீயிலிடப்பட்டது. அது மார்க்கத்தை மறுத்த ஒருவரின் நூலல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யா உலூமுத்தீன். இன்று எமது மத்ரஸாக்களில் மரியாதையோடு எடுத்துப் படிக்கப்படும் அதே நூல். அதை எழுதிய இமாமவர்கள் அப்போது உயிரோடுதான் இருந்தார்கள். ஆட்சியிலிருந்த முராபித்துகளும் அவர்களைச் சூழ்ந்திருந்த சட்ட அறிஞர்களும் தம் நாட்டு மக்கள் அதைப் படிப்பதை விரும்பவில்லை.

சிந்தித்து எழுதுவது இவ்வளவு ஆபத்தாக இருந்த அந்த ஆண்டுகளிலேதான், கிரானடாவுக்கு வடகிழக்கே வாதீ ஆஷ் என்ற ஊரில் அபூபக்ர் முஹம்மத் இப்னு துபைல் பிறந்தார். அந்த ஊரை இன்று குவாதிக்ஸ் என்கிறார்கள். அரபுப் பெயர் ஸ்பானிய நாவில் புரண்டு புரண்டு அப்படி ஆகிவிட்டது.

வைத்தியம் அவருடைய தொழில். கிரானடாவில் வைத்தியம் பார்த்தார். அந்நகர ஆளுநருக்குச் செயலாளராகவும் இருந்தார். இதற்கிடையே ஆட்சி மாறியது. 1147இல் மராகிஷ் நகரைக் கைப்பற்றிய முவஹ்ஹிதுகள் முராபித்துகளை வீழ்த்தினார்கள். 1154இல் இப்னு துபைல், ஸப்தா, தன்ஜா ஆகிய மொரோக்கோக் கரையோர நகரங்களை ஆண்ட இளவரசரின் செயலாளரானார். வைத்தியத்தைப் பற்றி அவர் எழுதிய பல்லாயிரம் அடிகள் கொண்ட நீண்ட செய்யுள் ஒன்று, மொரோக்கோவின் பாஸ் நகரிலுள்ள கரவிய்யீன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அந்தக் கரவிய்யீன் பள்ளிவாசலை 859இல் கட்டுவித்தவர் பாத்திமா அல்-பிஹ்ரி என்ற பெண்மணி என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பெண்கள் கல்லூரி மலரில் இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

1163இல் ஆட்சிக்கு வந்த அபூ யஃகூப் யூஸுப் நூல்களை நேசித்தவர். மேற்கிலும் அந்தலூஸிலும் எங்கே அரிய நூல் இருந்தாலும் அதைத் தேடி எடுப்பிப்பார். இப்னு துபைல் அவருடைய அரண்மனை வைத்தியரானார், வைத்தியர் நண்பரானார். நாட்கணக்கில் அரண்மனையை விட்டு வெளியே வராமல் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்களாம். அங்கே வைத்தியர், பொறியியலாளர், எழுத்தர், புலவர், வில்லாளி, படைவீரர் என ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாகச் சம்பளம் வழங்கப்பட்டது. இப்னு துபைல் பல வரிசைகளில் போய் நின்று எல்லாவற்றிலும் சம்பளம் வாங்குவாராம். இசைக் கலைக்கும் சம்பளம் உண்டென்றால் அந்தச் சரக்கும் தன்னிடம் இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்வாராம். இந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் அவர் எனக்கு வெறும் பரீட்சைப் பெயராக இல்லாமல் ஒரு மனிதராகத் தெரிந்தார்.

அரண்மனைச் செல்வாக்கை அவர் தனக்காக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அறிஞர்களைத் தேடிக் கண்டு கலீபாவிடம் அழைத்துச் சென்றார். 1169ஆம் ஆண்டளவில் அப்படி அழைத்துச் செல்லப்பட்டவர் நாற்பது வயதைத் தாண்டிய இப்னு ருஷ்த்.

பெயர், குடும்பம் எல்லாம் விசாரித்த பின் கலீபா திடீரென ஒரு கேள்வி கேட்டார். வானத்தைப் பற்றி மெய்யியலாளர்கள் என்ன கருதுகிறார்கள்? அது தொடக்கமில்லாதது என்கிறார்களா, படைக்கப்பட்டது என்கிறார்களா? இப்னு ருஷ்துக்கு வெலவெலத்துவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்து பேசினால் மார்க்க விரோதி என்ற பட்டம் கிடைக்கலாம். கேட்பவரோ ஒரு நாட்டின் ஆட்சியாளர். மெய்யியல் படித்ததையே ஒப்புக்கொள்ளாமல் நழுவப் பார்த்தார். அவருடைய அச்சத்தைக் கண்டுகொண்ட கலீபா, இப்னு துபைலின் பக்கம் திரும்பி அதே விடயத்தைத் தானே பேசத் தொடங்கினார். அரிஸ்டோட்டில், பிளேட்டோ, அவர்களை மறுத்த முஸ்லிம் அறிஞர்கள் என்று பேச்சு நீண்டது. இந்தச் சபையில் பயமில்லை என்று புரிந்த பிறகுதான் இப்னு ருஷ்த் வாய் திறந்தார். விடைபெறும்போது அவருக்குப் பணமும் அங்கியும் ஏறிச்செல்ல ஒரு வாகனமும் அன்பளிப்பாகக் கிடைத்தன.

பின்பொரு நாள், அரிஸ்டோட்டிலின் நூல்கள் விளங்கவில்லை, யாராவது தெளிவான உரை எழுதக்கூடாதா என்று கலீபா குறைப்பட்டார். இப்னு துபைல் அந்தப் பணியை இப்னு ருஷ்திடம் ஒப்படைத்தார். தனக்கு வயதாகிவிட்டது, அரண்மனை வேலையும் அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். இப்னு ருஷ்த் எழுதிய உரைகள் பிற்காலத்தில் ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களையே ஆட்டிவைத்தன. உரை எழுத நேரமில்லை என்ற முதியவர் தன் பங்குக்கு எழுதியது ஒரு கதை.

ஹய் இப்னு யக்ளான் என்பது கதையின் பெயர். விழித்திருப்பவனின் மகன் உயிருள்ளவன் என்று பொருள். பெயரை இப்னு ஸீனாவின் சிறு நூலொன்றிலிருந்து எடுத்துக்கொண்டார். இப்னு ஸீனாவின் ஞானத்தை விளக்கும்படி கேட்ட நண்பர் ஒருவருக்கு எழுதும் பதிலாக நூல் அமைந்திருக்கிறது. முன்னுரையில் பாராபி, இப்னு பாஜா, கஸ்ஸாலி என எல்லோரையும் எடைபோடுகிறார். பிறகு ஒரு தீவைக் காட்டுகிறார்.

கதைக்கு அவர் சேர்த்த பொருட்களைப் பாருங்கள். பெட்டியில் வைத்து நீரில் விடப்படும் குழந்தை. மூஸா நபியின் வரலாற்றைக் கேட்ட எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். மனிதக் குழந்தைக்குப் பாலூட்டும் விலங்கு, கடலோடிகள் சொல்லும் ஆளில்லாத தீவு ஆகியவையும் சாதாரண மக்கள் வாயில் புழங்கியவைதான். அன்றைக்குத் தொலைக்காட்சி இல்லை, படமாளிகை இல்லை. கதைசொல்லிகளைச் சுற்றித்தான் கூட்டம் கூடும். கலீபாவோடு வானத்தைப் பற்றி வாதிட்ட அறிஞர் அந்தக் கூட்டத்தின் சரக்கை எடுத்துத் தன் கேள்விகளை அதற்குள் வைத்தார்.

தன் குட்டியைக் கழுகுக்குப் பறிகொடுத்த ஒரு மான், பெட்டியிலிருந்து வரும் அழுகையைக் கேட்டு ஹய்யை எடுத்து வளர்க்கிறது. அவனுக்கு மொழி இல்லை, ஆசிரியர் இல்லை. ஏழு வயதளவில் தனக்குக் கொம்பும் இல்லை, மேனியை மூடும் உரோமமும் இல்லை என்று கவலைப்பட்டு இலைகளால் உடலை மறைக்கிறான். தாய் மான் முதுமையடைகிறது. இனிய கனிகளைத் தேடிக் கொண்டுவந்து ஊட்டுகிறான். ஒரு நாள் அது அசைவற்றுக் கிடக்கிறது. கூப்பிடுகிறான், பதிலில்லை. கண்ணைப் பார்க்கிறான், காதைப் பார்க்கிறான், எங்கும் காயமில்லை. உள்ளே ஏதோ அடைபட்டிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் தாய் எழுந்துவிடும் என்று எண்ணி, கூரிய கற்களாலும் காய்ந்த நாணல் கீற்றுகளாலும் அதன் நெஞ்சைத் திறக்கிறான். இதயம் கிடைக்கிறது. அதன் ஒரு பக்க அறையில் உறைந்த இரத்தம். மறுபக்க அறை வெறுமை. அங்கே குடியிருந்த ஒன்று புறப்பட்டுவிட்டது. அப்படியானால் என்னை நேசித்தது இந்த உடலா, புறப்பட்டுப்போன அதுவா? இந்த வெட்டும் கையின் நிதானத்தில் வைத்தியர் தெரிகிறார். சிறுவனின் பதற்றத்தில் கதைசொல்லி தெரிகிறார்.

உடல் நாறத் தொடங்குகிறது. ஒரு காகம் மற்றொரு காகத்தைக் கொன்று மண்ணைக் கிளறிப் புதைப்பதைக் கண்டு அவனும் தாயைப் புதைக்கிறான். ஹாபீல், காபீல் சம்பவம் அங்கே நிழலாடுகிறது.

எமது மூத்தம்மா மௌத்தானபோது என் தம்பிக்கு ஐந்து வயது. கபன் செய்யப்பட்ட மூத்தம்மா வீட்டுக்குள் இருக்க, மூத்தம்மா எங்கே போனார் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். சும்மா இருக்கும்படி பெரியவர்கள் அதட்டினார்கள். ஆனால் அவன் கேட்டது எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் அரண்மனை வைத்தியர் ஒரு நூலின் நடுவில் வைத்த கேள்விதான்.

ஹய் வளர்கிறான். காய்ந்த நாணற்காட்டில் பற்றிய தீயைக் கண்டு வியக்கிறான், குடில் கட்டுகிறான், விலங்குகளைப் பழக்குகிறான், நட்சத்திரங்களின் ஓட்டத்தைக் கணிக்கிறான். இந்தப் பகுதிகள் சற்று நீளம். வானியல் தெரியாதவர்கள் பக்கங்களைத் தாண்டிச் செல்ல நேரும். ஆனால் ஓரிடத்தில் மட்டும் நின்று படிக்க வேண்டும். இந்த உலகம் தொடக்கமில்லாததா, இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டதா என்று ஹய் யோசிக்கிறான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சிக்கலும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் யோசித்தும் ஒரு பக்கம் சாய முடியவில்லை. கடைசியில், எந்தப் பக்கத்தை எடுத்தாலும் உடலும் உருவமும் அற்ற ஒரு படைப்பாளன் இருந்தேயாக வேண்டும் என்ற ஒரே முடிவுக்குத்தான் வந்துசேர வேண்டியிருக்கிறது என்று காண்கிறான்.

கலீபா கேட்டதும் இப்னு ருஷ்த் நடுங்கியதும் இதே கேள்விக்குத்தான். அரண்மனையில் ஒரு பேரறிஞரால் வாய் திறக்க முடியாத விடயத்தைத் தீவில் ஓர் இளைஞன் அமைதியாக, முழுதாக யோசித்து முடிக்கிறான். பேச்சே தெரியாத ஒருவனிடம் யார் போய் விளக்கம் கேட்பது? இப்னு துபைல் ஏன் கதையைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்.

ஹய்யின் ஐம்பதாவது வயதில், அயல் தீவிலிருந்து தனிமையில் வணங்க அப்ஸால் என்பவர் வருகிறார். உரோமமும் தோலும் போர்த்த உருவத்தைக் கண்டு ஓடுகிறார். ஹய் துரத்திப் பிடிக்கிறான். அப்ஸால் அவனுக்கு மொழி கற்பிக்கிறார். நபிமார் கொண்டுவந்த செய்தியும் ஹய் தனியாகக் கண்டறிந்ததும் ஒன்றோடொன்று முரண்படவில்லை என்று இருவரும் உணர்கிறார்கள். தான் கண்டதை மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்று ஹய் ஆசைப்பட, இருவரும் ஸலாமான் ஆளும் அயல் தீவுக்குக் கப்பலேறுகிறார்கள்.

அங்கே அவன் தோற்றுப்போகிறான். ஊரின் சிறந்தவர்களைத்தான் கூட்டி வைத்துப் பேசுகிறான். மரியாதைக்குக் கேட்கிறார்கள், உள்ளுக்குள் முகம் சுளிக்கிறார்கள். கடைசியில் ஹய், தான் சொன்னவற்றுக்கு மன்னிப்புக் கேட்டு, உங்கள் மார்க்கச் சட்டங்களைப் பற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அப்ஸாலோடு தன் தீவுக்கே திரும்புகிறான்.

பொதுமக்களுக்கு ஆழமான கேள்விகள் ஒத்துவராது என்பதே இப்னு துபைலின் முடிவு என்று பலர் விளக்குவார்கள். நூலில் அப்படித்தான் இருக்கிறது, மறுக்க முடியாது. எனக்கு அது உடன்பாடில்லை. ஹய் அந்த ஊரில் செய்தது விரிவுரை. அந்த மக்களுக்கு அவன் தாய் மானின் கதையைச் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் ஒரு பிள்ளையாவது அருகில் வந்து உட்கார்ந்திருக்கும். ஹய் சொல்லாமல் விட்ட கதையை இப்னு துபைல் சொன்னார்.

1182இல் அவர் ஓய்வுபெற, அரண்மனை வைத்தியப் பதவி இப்னு ருஷ்துக்குப் போனது. 1184இல் போர்முனையில் காயமுற்று அபூ யஃகூப் இறந்தார். மறு ஆண்டு மராகிஷ் நகரில் இப்னு துபைல் காலமானார். ஜனாஸாவில் புதிய கலீபா அல்-மன்ஸூரே கலந்துகொண்டார். அதே அல்-மன்ஸூர்தான் பத்து ஆண்டுகள் கழித்து இப்னு ருஷ்தை நாடுகடத்தி, மெய்யியல் நூல்களை எரிக்கவும் கட்டளையிட்டார்.

கதை தப்பிப் பிழைத்தது. 1349இல் மூஸா நர்போனி என்ற யூத அறிஞர் அதற்கு ஹீப்ரு மொழியில் உரை எழுதினார். 1671இல் எட்வர்ட் போகொக் அதை லத்தீன் மொழிபெயர்ப்போடு ஒக்ஸ்போர்டில் அச்சிட்டார். 1708இல் சைமன் ஒக்லி நேரடியாக அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். பதினொரு ஆண்டுகளில் டானியல் டீபோவின் ரொபின்சன் குரூசோ வெளிவந்தது. டீபோ ஹய்யின் கதையைப் படித்திருப்பார் என்று பலர் கருதுகிறார்கள். படித்திருந்தாலும் இரண்டு தீவுகளும் ஒன்றல்ல. குரூசோ வந்த நாள் முதல் கணக்கெழுதுகிறான், வேலி அடைக்கிறான், கடைசியில் ஒரு வேலைக்காரனையும் சேர்த்துக்கொள்கிறான். ஹய் தீவைச் சொந்தமாக்க நினைக்கவேயில்லை.

பிறகு ஓநாய்கள் வளர்த்த மோக்லி வந்தான், குரங்குகள் வளர்த்த டார்ஸான் வந்தான். தம்பி இப்போது கார்ட்டூனில் பார்த்துச் சிரிப்பது அந்த மோக்லியைத்தான்.

ஹய்யின் தீவு எது என்று ஆராய்ந்தவர்களும் உண்டு. பூமத்திய ரேகைக்குக் கீழே, இந்தியத் தீவுகளில் ஒன்று, தாய் தந்தையின்றியும் மனிதன் தோன்றும் இடம் என்று இப்னு துபைல் எழுதுகிறார். தாய் தந்தையின்றித் தோன்றிய ஆதம் நபி இறங்கிய இடமாக அரபுக் கடலோடிகள் சொல்லிவந்தது ஸரந்தீபை, அதாவது எமது இலங்கையை. அதனால் ஹய்யின் தீவும் இதுதான் என்று சிலர் ஊகித்திருக்கிறார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குச் சற்று வடக்கே. கணக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஆனாலும் வாதீ ஆஷில் பிறந்த அந்த வைத்தியர், தன் சிறுவனை வளர்க்க இடம் தேடியபோது அவருடைய மனம் இந்தக் கடற்பக்கம்தான் வந்திருக்கிறது.