ஆறு புள்ளிகளுக்குள் அடங்கிய எழுத்துலகம்: லூயி பிரெயிலின் கதை

பாரிஸ் நகருக்குக் கிழக்கே கூவ்ரே என்றொரு சிற்றூர் உள்ளது. குதிரைச் சேணமும் கடிவாள வாரும் தைத்து வாழ்ந்த ஒரு தொழிலாளியின் வீட்டில், 1809 ஜனவரி 4 ஆம் திகதி, நான்கு பிள்ளைகளில் கடைசியாக லூயி பிரெயில் பிறந்தார்.

மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்த லூயி, தோலில் துளையிடும் கூரிய கருவியொன்றைக் கையில் எடுத்தார். அது வழுகிக் கண்ணில் குத்தியது. காயத்தில் கிருமி தொற்றியது. அக்காலத்தில் அதற்கு மருந்து இருக்கவில்லை. தொற்று மற்றக் கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதாகும்போது அவருடைய இரு கண்களிலும் பார்வை முற்றாகப் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் யுத்தமும் ஊருக்குள் வந்தது. 1814 இல் நெப்போலியன் தோற்றதும் வெளிநாட்டுப் படைகள் கூவ்ரேக்குள் நுழைந்தன. ஊரவர்கள் தங்கள் தானியத்தையும் கால்நடைகளையும் படையினருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. பிரெயில் குடும்பத்தின் வீட்டிலும் படையினர் தங்கினர். பார்வை இழந்த சிறுவனின் நினைவில் அந்தக் காலம் காலடி ஓசைகளாகவும் புரியாத மொழிக் குரல்களாகவுமே பதிந்திருக்கும்.

பெற்றோர் அவரை மூலையில் இருத்திவைக்கவில்லை. ஊர்ப் பாதிரியாரும் பாடசாலை ஆசிரியரும் பார்வையுள்ள பிள்ளைகளோடு அவரையும் வகுப்பில் இருத்தினர். கேட்டதை அப்படியே மனதில் பதிக்கும் கெட்டிக்காரனாக அவர் இருந்தார். 1819 பெப்ரவரியில், பத்து வயதில், பாரிஸில் இருந்த பார்வையற்ற இளையோருக்கான அரச நிறுவனத்தில் சேர்க்கப்பட்டார். வலண்டைன் ஹாவி என்பவர் 1785 இல் தொடங்கிய பாடசாலை அது. கட்டடம் பழையது, ஈரம் ஊறியது. பிற்காலத்தில் அவரை வாட்டிய கயரோகத்துக்கு அந்த ஈரமும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது.

அங்கே புத்தகங்கள் இருந்தன. ஆனால் அவை சாதாரண எழுத்துகளையே பெரிதாக்கித் தடித்த தாளில் புடைக்கச் செய்தவை. ஒவ்வோர் எழுத்தாகத் தடவி முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துவிடும். புத்தகத்தின் பாரமோ தூக்க முடியாதது. எல்லாவற்றையும் விட, மாணவர்களால் அந்த எழுத்தைத் தாமாக எழுத முடியாது. வாசிக்கலாம், பதில் எழுத இயலாது.

1821 இல் சார்ல்ஸ் பார்பியர் என்ற முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி தாம் உருவாக்கிய புள்ளி எழுத்து முறையை அந்த நிறுவனத்திடம் முன்வைத்தார். அதன் அடிப்படை எளிமையானது. பிரெஞ்சு மொழியின் 36 ஒலிகளை ஆறு நிரைகளும் ஆறு நிரல்களும் கொண்ட ஒரு சதுரத்தில் அவர் அடுக்கினார். ஓர் ஒலியை எழுத இரண்டு எண்கள் போதும்: அது எத்தனையாவது நிரையில் உள்ளது, எத்தனையாவது நிரலில் உள்ளது. இடப்பக்கம் நிரையின் எண்ணுக்குரிய புள்ளிகள், வலப்பக்கம் நிரலின் எண்ணுக்குரிய புள்ளிகள்.

பாடசாலைக் கணிதத்தில் நாம் படித்ததுதான் இது. ஒரு தொடையில் ஆறு மூலகங்கள், இன்னொரு தொடையில் ஆறு மூலகங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்துச் சோடி சேர்த்தால் 6 × 6 = 36 சோடிகள் கிடைக்கும். ஒவ்வொரு சோடிக்கும் ஓர் ஒலி.

கணக்கு சரியாக இருந்தது. விரலுக்குத்தான் அது பொருந்தவில்லை. ஓர் ஒலிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை தேவைப்பட்டன. விரல் நுனி மேலும் கீழும் அலைந்து அவற்றை எண்ண வேண்டும். ஒலிகளை மட்டுமே எழுதியதால் சொல்லின் சரியான எழுத்துக்கூட்டலைக் கற்க முடியாது. நிறுத்தக்குறிகளும் எண்களும் இசைக் குறிகளும் அதில் இல்லை.

லூயிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அடுத்த மூன்று ஆண்டுகள், வகுப்பு இல்லாத நேரங்களிலும் விடுமுறைக்கு ஊர் போன நாட்களிலும் தாளும் துளையிடும் ஊசியுமாக அவர் உழைத்தார். 1824 இல், பதினைந்து வயதில், தமது முறையின் அடிப்படையைக் கண்டுவிட்டார்.

பன்னிரண்டு புள்ளிகளை அவர் ஆறாகக் குறைத்தார். இரண்டு நிரல்கள், ஒவ்வொன்றிலும் மூன்று இடங்கள். விரல் நுனியை நகர்த்தாமலே ஒரே தொடுகையில் முழு வடிவமும் தெரியும். ஒவ்வோர் இடத்திலும் புள்ளி இருக்கலாம், அல்லது இல்லாமல் இருக்கலாம். ஆகவே 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 64. புள்ளியே இல்லாத வெற்றிடத்தைக் கழித்தால் 63 வடிவங்கள்.

அந்த 63 ஐயும் கண்டபடி அவர் எழுத்துகளுக்குப் பங்கிடவில்லை. மேலுள்ள நான்கு இடங்களில் 16 வடிவங்கள் அமையும். அவற்றில் விரலுக்குத் தெளிவாகத் தெரியும் பத்தை மட்டும் தேர்ந்தார். அவையே முதல் பத்து எழுத்துகள். கீழுள்ள இரண்டு இடங்களுக்கு நான்கு நிலைகள் உண்டு: புள்ளி இல்லை, இடப்பக்கம் மட்டும், இரு பக்கமும், வலப்பக்கம் மட்டும். பத்து வடிவங்களை நான்கு நிலைகளோடு சேர்த்தால் நாற்பது குறிகள். பத்தை மனதில் பதித்தவருக்கு நாற்பதும் கைவசம். அக்காலப் பிரெஞ்சு மொழியில் டபிள்யூ எழுத்துக்கு அதிக வேலை இல்லை. அதனால்தான் இன்றும் அது மட்டும் வரிசை தப்பி நிற்கிறது.

1829 இல் தமது முறையை அவர் நூலாக வெளியிட்டார். இசையையும் அதே புள்ளிகளால் எழுத வழி செய்திருந்தார். பார்பியருக்குத் தாம் பட்ட கடனை அந்த நூலிலேயே ஒப்புக்கொண்டார். 1837 இல் திருத்திய பதிப்பு வந்தது. அதற்குள் அதே நிறுவனத்தில் ஆசிரியராகவும் தேவாலயத்தில் ஓகன் வாசிப்பவராகவும் இருந்தார்.

மாணவர்கள் அந்த எழுத்தை உடனே பற்றிக்கொண்டனர். பார்வையுள்ள நிர்வாகிகள்தான் தயங்கினர். தம்மால் வாசிக்க முடியாத எழுத்து, பார்வையற்றோரைச் சமூகத்திலிருந்து பிரித்துவிடும் என்பது அவர்களின் வாதம். 1840 இல் அதிபர் மாற்றப்பட்டார். புதிய அதிபர் இந்த முறையை ஒதுக்கிவைத்தார். மாணவர்களோ ஒளித்து ஒளித்து எழுதினர், ஒருவருக்கொருவர் கற்பித்தனர். 1844 இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் பிரெயில் முறை பகிரங்கமாகச் செய்து காட்டப்பட்டது. சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை எழுதுவதையும் இன்னொரு பிள்ளை அதை வாசிப்பதையும் கண்ட பின் எதிர்ப்பு தளர்ந்தது.

அந்த வெற்றியை நெடுநாள் அனுபவிக்க லூயிக்குக் கொடுத்துவைக்கவில்லை. கயரோகம் முற்றி, 1852 ஜனவரி 6 ஆம் திகதி, 43 வயது நிறைந்து இரண்டு நாட்களில் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்தே பிரான்ஸ் அவரது முறையை உத்தியோகபூர்வமாக ஏற்றது. 1952 இல் அவரது உடல் பாரிஸின் பந்தியன் மண்டபத்துக்கு மாற்றப்பட்டபோது, கைகளை மட்டும் கூவ்ரே மக்கள் தம் ஊரிலேயே வைத்துக்கொண்டனர்.

அந்தக் கைகளின் உழைப்பு தமிழுக்கும் வந்து சேர்ந்தது. தமிழுக்கு 247 எழுத்துகள், பிரெயிலுக்கு 63 வடிவங்கள். எப்படிப் போதும்? பதில் எங்கள் நெடுங்கணக்கிலேயே இருக்கிறது. 18 மெய்களை 12 உயிர்களோடு சேர்த்தால் 216 உயிர்மெய்கள். தமிழ்ப் பிரெயிலில் ககரத்தின் வடிவத்தை அடுத்து ஆகாரத்தின் வடிவத்தை இட்டால் அது கா. அச்செழுத்தில் முன்னும் பின்னும் பிரிந்து நிற்கும் கொ, கோ கூட இங்கே ககரமும் உயிரும் என்று நேராக வரும். 216 ஐ மனனம் செய்யத் தேவையில்லை. முப்பது வடிவங்களும் மெய்யின் புள்ளிக்கென ஒரு குறியும் ஆய்தமும் போதும்.

எறிகணையிலும் கண்ணிவெடியிலும் பார்வையை இழந்தவர்கள் எமது மண்ணில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுக்காகப் பேசவும் வாசித்துக் காட்டவும் பலர் முன்வரலாம். அது நல்லதுதான். ஆனால் தனக்கு வந்த கடிதத்தைத் தானே வாசிப்பதும், தன் மனதில் உள்ளதைத் தன் கையால் எழுதுவதும் வேறு. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஆறு புள்ளிகளால் பெற்றுக் கொடுத்தது அந்த உரிமையைத்தான். தன் பார்வையைப் பறித்ததைப் போன்றதொரு கூர்முனையையே அவன் அதற்குக் கருவியாக்கினான்.