வாசலில் நின்ற வணிகர்

அப்புத்தளை நகரைவிட்டு மலைச்சரிவை ஒட்டி வளைந்து செல்லும் பாதையில் ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் சென்றால் தம்பேதன்னத் தேயிலைத் தொழிற்சாலை தென்படும். அங்கிருந்து அடுக்கடுக்காய் அமைந்த தேயிலை மலைகளினூடே மேலும் ஏறினால் ஒரு முகடு வரும். ஊவாவின் பள்ளத்தாக்குகளும் தெற்கே விரிந்துகிடக்கும் தாழ்நிலமும் ஒருங்கே கண்ணிற்படும் அம்முகட்டை லிப்டன் இருக்கை என்று வழங்குவர். தம் தோட்டங்களைப் பார்வையிட வந்த சேர் தோமஸ் லிப்டன் அங்கு அமர்ந்து நாற்றிசையும் நோக்குவார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இன்று அவருடைய சிலையொன்று அங்கே அமர்ந்திருக்கிறது.

மூடுபனி விலகிய காலைப்பொழுதொன்றில் அச்சிலையின் அருகே நான் அமர்ந்திருந்தேன். அப்போது என் நினைவு, மறைந்துபோன என் பாட்டனாரிடம் சென்றது. அவர் மலைநாட்டு நகரொன்றில் துரைமார் கூடும் கிளப்பில் பணியாளராய் இருந்தவர். அக்கிளப்பின் முன்வாசற் கதவிலிருந்த பித்தளைக் கைப்பிடியை நாள்தோறும் துலக்குவது அவர் கடமை. ஆயினும் அந்த வாசல் வழியாக உள்ளே போக அவருக்கு உரிமையில்லை. பின்புறத்துச் சமையலறை வழியே அவர் செல்வார்; அவ்வழியே திரும்புவார். முப்பது ஆண்டுகள் துலக்கிய கைப்பிடியை ஒரு நாளேனும் அவர் திருப்பித் திறந்ததில்லை. அதனை அவர் குறையாகச் சொன்னதுமில்லை. மழை பெய்வதைச் சொல்வதுபோலச் சொல்வார்.

அத்தகைய வாசலொன்றின் முன்னே, உலகப் பெருஞ்செல்வரான லிப்டனும் காத்து நின்றவர் என்பதைப் பிற்காலத்தில்தான் நான் அறிந்தேன். அதன் பின்னரே அவர் வரலாற்றை நான் ஊன்றிப் படிக்கலானேன்.

லிப்டன் 1848இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே பிறந்தார். அவருடைய பெற்றோர் அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து, பஞ்சத்தின் கொடுமையால் அந்நகருக்குக் குடிபெயர்ந்த ஏழைகள். வெண்ணெயும் முட்டையும் பன்றியிறைச்சியும் விற்கும் சிறு கடையொன்றை அவர்கள் நடத்தினர். இளமையிலேயே பள்ளியை விட்ட சிறுவன், கப்பலொன்றில் ஊழியனானான். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்று புகையிலைத் தோட்டத்திலும் நெல்வயலிலும் உடலுழைத்தான். நியூயோர்க்கில் பெரிய பலசரக்குக் கடையொன்றில் வேலைபார்த்தபோதுதான், பொருளை விற்பதும் ஒரு கலை என்பது அவனுக்கு விளங்கிற்று.

தாயகம் திரும்பிய லிப்டன் 1871இல் கிளாஸ்கோவிற் சொந்தக் கடை திறந்தார். கொழுத்த பன்றிகளைத் தெருவில் ஊர்வலம் விட்டார். பூதாகாரமான பாலாடைக் கட்டிக்குள் தங்க நாணயங்களைப் புதைத்து விற்றார். மக்கள் திரண்டனர். ஒரு கடை பல கடைகளாயிற்று. இருபது ஆண்டுகளுக்குள் பிரித்தானிய நகரங்கள் பலவற்றில் அவர் பெயர்ப்பலகை தொங்கியது.

அவர் இலங்கைக்கு வந்த கதை யாவரும் அறிந்ததே. 1869 முதல் பரவிய இலை நோயினாற் கோப்பிப் பயிர் அழிந்தது. கடனில் மூழ்கிய தோட்டங்கள் மலிந்த விலைக்கு வந்தன. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலைப் பயிர், அழிந்த கோப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1890இல் இங்கு வந்திறங்கிய லிப்டன், தம்பேதன்ன முதலிய ஊவாத் தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரை நீக்கி, அளவு குறித்த சிறு பொட்டலங்களில் தேயிலையை அடைத்து, விலையை வெகுவாகக் குறைத்து விற்றார். செல்வர் வீட்டுப் பானமாயிருந்த நல்ல தேநீர் தொழிலாளர் குடிசைக்கும் சென்றது. கூடை தாங்கிக் கொழுந்து கொய்யும் தமிழ்ப் பெண்ணின் உருவம் அவருடைய விளம்பரங்கள் வாயிலாகக் கடல் கடந்து வீடுதோறும் புகுந்தது.

செல்வத்தோடு சிறப்புகளும் வந்தன. 1897இல், விக்டோரியா மகாராணியாரின் ஆட்சி அறுபதாண்டு நிறைவெய்தியபோது, லண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்க 25,000 பவுண் ஈந்தார். 1898இல் சேர் பட்டமும் 1902இல் பரம்பரையாக வரும் பரோனெற் பட்டமும் பெற்றார். பின்னாளில் ஏழாம் எட்வேட் மன்னரான இளவரசர் அவருடைய நண்பரானார்.

ஆனால் ஒரு கதவு மட்டும் அவருக்குத் திறக்கவில்லை. இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த கௌஸ் என்னும் ஊரில், 1815இல் நிறுவப்பட்ட அரச பாய்க்கப்பற் கழகம் இருக்கிறது. கடல் விளையாட்டிலே அதற்கு மேலான கழகம் அந்நாட்டில் இல்லை. அதில் அங்கம் பெறுவோர் பிறப்பாற் பெருங்குடியினராதல் அக்காலத்தில் வேண்டியிருந்தது. கடை வைத்து வணிகம் செய்பவர் ஆகார் என்பது அன்றைய மரபு. எழுதிவைக்கப்படாத விதிக்கு எழுதிவைத்ததைவிட வலிமை அதிகம். திருத்துவதற்கு அதில் எழுத்தே இல்லையன்றோ! ஆங்கிலக் கிளப்புகளில் வெள்ளைக் குண்டும் கருங்குண்டும் இட்டு இரகசியமாய் வாக்களிப்பது வழக்கம். கருங்குண்டை இட்டவர் யார், இட்ட காரணம் என்ன என்று எவரும் கேட்டல் ஆகாது. இளவரசர் எட்வேட் பல்லாண்டு காலம் இக்கழகத்தின் தலைவராய் இருந்தவர். தலைவரே லிப்டனின் உல்லாசக் கப்பலில் விருந்துண்டார். கழகமோ லிப்டனைக் கடைக்காரர் என்றே கருதியது.

அமெரிக்கக் கிண்ணம் எனப்படும் பாய்க்கப்பற் போட்டியில் வெல்லவேண்டும் என்பது லிப்டனின் பேரவா. கழகமொன்றின் பெயராலன்றித் தனிமனிதர் எவரும் அப்போட்டிக்கு அறைகூவல் விடுத்தல் இயலாது என்பது விதி. தம் நாட்டின் முதற்கழகம் ஏற்காமையால், பெற்றோரின் மண்ணான வட அயர்லாந்திலிருந்த அல்ஸ்டர் அரச பாய்க்கப்பற் கழகத்தின் பெயரில் அவர் களமிறங்கினார். அயர்லாந்தின் சின்னமான மூவிலைச் செடியின் பெயரையே, ஷம்ரொக் என்று தம் கப்பல்களுக்குச் சூட்டினார்.

கடலிலும் ஒரு விசித்திர விதி அவருக்காகக் காத்திருந்தது. அறைகூவும் கப்பல், போட்டி நடக்கும் இடத்துக்குத் தானே கடலில் மிதந்து வந்து சேரவேண்டும். ஆகவே அத்திலாந்திக்கின் அலைகளைத் தாங்கும் உறுதியோடு அதனைக் கட்டவேண்டியிருந்தது. கரையோரத்திலேயே காத்திருந்த அமெரிக்கக் கப்பலோ பந்தயத்துக்கென்றே இலேசாய்க் கட்டப்படலாம். பிற்காலத்தில் எவருக்கும் நியாயமாய்த் தோன்றாத இவ்விதியை 1956இல்தான் நீக்கினர். 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் லிப்டன் போட்டியிட்டார். ஐந்து முறையும் தோற்றார். 1920இல் முதலிரு ஓட்டங்களில் வென்று, அடுத்த மூன்றிலும் தோற்றதே அவர் வெற்றியை நெருங்கிய ஒரே தருணம். ஒருமுறையேனும் அவர் முகங்கோணவில்லை. அந்தப் பண்பைக் கண்டு நெகிழ்ந்த அமெரிக்க மக்கள் தம்முட் பணம் திரட்டி, 1930இன் தோல்விக்குப் பின் அவருக்குத் தனியே ஒரு தங்கக் கிண்ணம் செய்தளித்தனர்.

கௌஸ் கழகம் அவரை அங்கத்தவராக ஏற்றது 1931இல். அதே ஆண்டு ஒக்டோபர் 2ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். மணம்புரியாத அவர், தம் செல்வத்தின் பெரும்பகுதியைப் பிறந்த நகரான கிளாஸ்கோவுக்கு விட்டுச்சென்றார்.

இவ்வளவும் படித்தபோது அம்மனிதர்பால் எனக்கு இரக்கமும் மதிப்பும் பிறந்தன. ஆனால் அவர் கொழுந்து விளைந்த மண்ணிற் பிறந்தவன் நான். அவர் வந்ததற்கு முந்தைய ஆண்டான 1889இல் நுவரெலியாவில் கோல்ப் கிளப் தோன்றியது. 1893இல் பண்டாரவளையில் துரைமார் கூடுதற்கென எழுந்த கட்டடமே பின்னர் விடுதியாயிற்று. வெள்ளையர்க்கென வகுத்த அக்கிளப்புகளின் வாசல்களில், லிப்டனுக்கு நேர்ந்தது மலைநாடெங்கும் பல்லாயிரம் பேருக்கு நேர்ந்தது. லயங்களில் வாழ்ந்தோர்க்கோ கிளப் வாசல் மட்டுமன்று, தோட்டத்து வாசலே விதியாய் நின்றது. துரை கொடுக்கும் துண்டு இல்லாமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்திற் சேர இயலாது என்ற முறை 1921இல்தான் ஒழிந்தது. வெளியார் தோட்டத்துட் புகுவது அத்துமீறலாய்க் கருதப்பட்டது. தொழிலாளரின் நிலையைக் கண்டறிய விழைந்த கோ. நடேசய்யர், 1920ஐ ஒட்டிய ஆண்டுகளிற் புடைவை வியாபாரி வேடத்திலேயே தோட்டங்களுட் சென்றார். விதியின் விந்தையை நோக்குங்கள்! வணிகர் என்பதனால் ஒருவர் கௌஸில் வெளியே நின்றார். வணிகர் வேடம் பூண்டதனால் மற்றொருவர் மலைநாட்டில் உள்ளே சென்றார்.

லிப்டனை நான் பழிக்கவில்லை. வெளியே நின்றவருக்கு உள்ளே செல்லும் ஆசை இயல்பே. ஆனால், தம் நிலத்தில் வெளியே நிற்போரைக் காண அது மட்டும் போதாதுபோலும். நாடென்னும் பெருங்கழகமும் 1948இல் தோட்டத் தமிழரை வாசலில் நிறுத்தியது. அக்குறை பெரும்பாலும் நீங்கியது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே. லிப்டனின் சொந்த ஸ்கொட்லாந்தில், 1754இல் தோன்றிய சென் அன்றூஸ் கோல்ப் கழகம் பெண்களை அங்கத்தவராக ஏற்க முடிவுசெய்தது 2014இல். காரணம் மறைந்தபின்னும் விதி வாழ்வதற்கு உள்ளே இருப்போரின் மறதி ஒன்றே போதும்.

அன்று அந்த முகட்டில் வெயில் ஏறியபோது, கொழுந்துக் கூடையுடன் வந்த பெண்ணொருத்தி, அயர்வாற, சிலைக்கு மறுபக்கத்தில் வந்தமர்ந்தாள். அவளை எழுந்திருக்கச் சொல்ல அங்கே விதியுமில்லை, காவலுமில்லை. கல்லாய்ச் சமைந்த லிப்டனும் எதிரே விரிந்த ஊவாவையே பார்த்திருந்தார். என் பாட்டனார் அங்கே இருந்திருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இறங்கிவந்தேன்.