பழந்தாள்களைக் காத்த கோட்டையூர்ப் பெருந்தகை ரோஜா முத்தையா

காரைக்குடிக்கு அருகே அமைந்த கோட்டையூர், செட்டிநாட்டின் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று. அவ்வூரைச் சேர்ந்தவர் முத்தையா செட்டியார். நகரத்தார் பலர் வணிகம் நாடிக் கடல் கடந்து சென்ற காலத்தில் அவர் தூரிகையை நாடினார். சென்னையில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் நடத்தினார். அவரது கடையின் பெயர் ரோஜா ஆர்ட்ஸ். அப்பெயரின் முதற்சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ள, ரோஜா முத்தையா என்றே அவர் அறியப்படலானார்.

அக்காலச் சென்னையில் பழைய நூல்களுக்குப் பேர்போன இடம் மூர் மார்க்கெட். அத்தகைய பழைய புத்தகக் கடைகளில் பழந்தமிழ்ப் பதிப்புகள் சொற்ப விலைக்குக் கிடைத்தன. முத்தையாவின் நூற்பற்று அக்கடைகளில் வளர்ந்தது. பின்னர் அவர் கோட்டையூருக்கே திரும்பினார். ஏறத்தாழ 1950ஆம் ஆண்டு முதல், 1992இல் மறையும் வரை, நாற்பதாண்டுக் காலம் அச்சிட்ட தாள்களைத் தேடித் தொகுப்பதையே தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டார்.

அவர் தொகுத்தவற்றின் தன்மையே அவரது தனிப்பெருமை. இலக்கியமும் சமயமும் மருத்துவமும் பேசும் நூல்களைத் தொகுத்தோர் பலர் உளர். முத்தையாவோ நாளிதழ், வார இதழ், நாடகத் துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் ஆகியவற்றையும் நூலுக்கு நிகராகப் போற்றினார். இதழ்களில் வந்த கட்டுரைகளைப் பொருள்வாரியாகப் பிரித்துக் கோப்புகளாக வைத்தார். அவரது தொகுப்பு ஏறத்தாழ 1,00,000 உருப்படிகளாகப் பெருகியது. ஆய்வாளர்கள் அவ்வீட்டைத் தேடிக் கோட்டையூருக்கு வந்தனர்.

செய்தித்தாளை இத்துணை முயன்று காப்பானேன் என்று சிலர் வினவக்கூடும். சுதேசமித்திரன் 1882இல் வார இதழாகத் தோன்றி, 1899இல் நாளிதழாயிற்று. பாரதியார் 1904இல் அதன் ஆசிரியர் குழுவில் சேர்ந்தார். 1906இல் தொடங்கிய இந்தியா வார இதழிலும் எழுதினார். அவருடைய உரைநடையிற் பெரும்பகுதி அவ்விதழ்களிலேயே முதன்முதல் வெளிவந்தது. புதுமைப்பித்தன் கதைகள் பலவும் மணிக்கொடி போன்ற இதழ்களிலேயே முதலில் அச்சேறின. அவ்வெழுத்துகளைப் பிழையறப் பதிப்பிக்க விரும்புவோர் அவ்விதழ்களையே நாட வேண்டும். ஓர் இதழின் கடைசிப் படி அழியுமாயின், அதில் மட்டும் வெளிவந்த எழுத்தும் அதனோடு அழியும்.

அவ்வழிவு விரைந்து வருவதற்குத் தாளின் இயல்பே காரணம். செய்தித்தாள், மரத்தை அரைத்த கூழினால் ஆனது. அதிலுள்ள மரப்பசை வெயிலும் காற்றும் பட்டால் பழுப்பேறும். தாளில் அமிலத்தன்மை மிகும். மடித்த இடம் முதலில் நொறுங்கும். கந்தலிலிருந்து செய்த பழைய தாள் இதனினும் நெடுநாள் நிற்கும். வெப்பமும் ஈரமும் கரையானும் சேர்ந்த நம் நாட்டிலே, பேணாத செய்தித்தாளின் ஆயுள் மிகக் குறைவு. இதனை எதிர்த்தே முத்தையா ஒரு சிற்றூர் வீட்டில் நாற்பதாண்டு போராடினார்.

அவர் மறைந்தபோது அத்தொகுப்பு சிதறிப்போகக்கூடிய நிலை இருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதனை முழுமையாக விலைக்கு வாங்கி, கடல் கடத்தாமல் தமிழகத்திலேயே நிலைபெறச் செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. முகப்பேரில் தொடங்கிய அந்நூலகம் இன்று தரமணியில் இயங்குகிறது. நொறுங்கும் தாள்கள் அங்கு நுண்படச் சுருளிலும் பின்னர் மின்வடிவிலும் பதிவாயின. பெயர்ப்பலகை ஓவியர் ஒருவரின் வீட்டுத் தொகுப்பு, உலகத் தமிழாய்வாளர்கள் நாடிவரும் கருவூலமாயிற்று.

இவ்வரலாறு நம் சமுதாயத்திற்கு நெருக்கமான பாடம் ஒன்றைத் தருகிறது. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, கும்பகோணத்துச் சைனப் பெருமக்கள் அதன் சமயப் பொருளை அவருக்கு விளக்கி உதவினர். ஏட்டுச்சுவடியை நம் முன்னோர் வழிபாட்டுப் பொருளாகப் போற்றினர். சாத்திர தானத்தை உயர்தானங்களுள் ஒன்றாகக் கொண்டனர். ஆயின் அச்சுத்தாளுக்கு அம்மதிப்புக் கிட்டவில்லை. ஆயிரம் படி அச்சானமையால், வேறொருவர் வீட்டில் இருக்கும் என்று ஒவ்வொருவரும் எண்ணினர். அதனாலேயே ஒருவர் வீட்டிலும் எஞ்சாமற் போனவை பல.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் நம் பழைய வீடுகள் உள்ளன. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் பணிபுரியும் நம் இளைஞர் பலர் அவ்விடங்களிலேயே குடியேறுகின்றனர். ஊர்வீடு பூட்டப்படும்போதோ விற்கப்படும்போதோ, பரண்மேல் இருக்கும் பழைய பூசை நூலும், பஞ்சகல்யாண விழா அழைப்பிதழும், தேர்த்திருவிழா அறிக்கையும், சமுதாய இதழும், இது போன்ற மலர்களும் எடைக்குப் போகின்றன. அவற்றுள் எழுதப்பட்ட ஊர்ப்பெயரும், திருப்பணி செய்தோர் பெயரும், விழா நாளும் வேறெங்கும் பதிவாகாதவையாக இருக்கலாம்.

ஆகவே வீட்டை ஒழிக்குமுன் பரணை ஒருமுறை பாருங்கள். கிடைக்கும் தாள்களை மடிக்காமல், வெயில் படாத உலர்ந்த இடத்தில், பெட்டியில் கிடத்தி வையுங்கள். கிழிசலுக்குப் பசைநாடா ஒட்டாதீர்கள், லாமினேஷனும் வேண்டா, இரண்டும் நாளடைவில் தாளைக் கெடுக்கும். எந்த ஊர், யார் வீடு, எந்த ஆண்டு என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். கைப்பேசியிலாவது படமெடுத்து, மூலத்தை நூலகத்திற்கோ அறக்கட்டளைக்கோ ஒப்படையுங்கள். பெருஞ்செல்வமோ பெரும்பதவியோ இன்றி முத்தையா செய்த பணி இதுவே. அதில் ஒரு பரணளவு நம் ஒவ்வொருவராலும் இயலும்.