கடல் கடந்த ஈடா பைபர் அம்மையார்

மகளிரோடு கடற்பயணம் செல்லுதல் வழக்கமன்று எனத் தொல்காப்பியம் இலக்கணம் வகுத்தது. நம் தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் யாவும் அவ்விலக்கணத்தை மீறியே இங்கு வந்திருக்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி, மூன்று நாளும் அதற்கு மேலும் வங்கக் கடலில் தலைசுற்றிக் கிடந்து, கைக்குழந்தையுடன் கரை சேர்ந்த தாய்மார்களும் பாட்டிமார்களும் நம்மிடையே உளர். ஆயினும் அவர்களிற் பெரும்பாலோர் கணவர் பின்னே அல்லது தந்தை பின்னே வந்தவர்கள். துணை எவருமின்றி, காணவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே காரணமாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உலகை இருமுறை சுற்றிய ஒரு பெண்மணியின் வாழ்க்கையை இம்மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஈடா அம்மையார் ஆஸ்திரியத் தலைநகராகிய வியன்னாவில் 1797 ஆம் ஆண்டு அக்டோபர் 14 ஆம் நாள் ஒரு துணி ஆலை முதலாளியின் மகளாகப் பிறந்தார். சகோதரர்களுக்கு நடுவே வளர்ந்த அச்சிறுமிக்கும் ஆண்பிள்ளைகளின் உடையையே அணிவித்து, அவர்களைப் போலவே எளிய உணவும் கடும்பயிற்சியும் தந்து வளர்த்தார் தந்தை. ஈடாவுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் காலமானார். தாயார் உடனே பாவாடை சட்டைக்கு மாற்ற முயல, பெண் நோயில் விழுந்துவிட்டாள். மருத்துவர் சொல்லிப் பழைய உடையே திரும்பி வந்தது! பியானோ வாசிக்கப் பழகுவதிலிருந்து தப்புவதற்காகத் தன் விரலைத் தானே காயப்படுத்திக்கொண்டாள் என்றும் வரலாறு கூறுகிறது. 1809 இல் நெப்போலியன் வியன்னாவைப் பிடித்துப் படை அணிவகுப்பை நடத்தியபோது, அவன் குதிரை கடந்துசெல்லும் வரை முதுகைக் காட்டி நின்றாளாம் அந்தச் சிறுமி.

வீட்டுக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியரை அவர் மனத்தில் வரித்தார், தாயார் இசையவில்லை. 1820 இல் தம்மினும் இருபத்துநான்கு வயது மூத்த வழக்கறிஞர் பைபருக்கு வாழ்க்கைப்பட்டு லெம்பெர்க் நகருக்குச் சென்றார். அக்கணவர் நேர்மையாளர். அரசு அதிகாரிகளின் ஊழலை வெளிப்படுத்தினார். அதன் பயனாகத் தொழில் இழந்தார். பின்னர் வந்த வறுமையை அம்மையார் எவரிடமும் சொல்லவில்லை. வீட்டார் அறியாமல் இசைப் பாடமும் ஓவியப் பாடமும் சொல்லிக்கொடுத்துக் கிடைத்த காசில் இரு புதல்வரையும் வளர்த்தார். குழந்தைகளுக்கு இரவுச் சாப்பாடாக வெறும் ரொட்டியை மட்டுமே வைக்க நேர்ந்த நாட்களும் உண்டு. மாதக் கடைசியில் மளிகைக் கணக்கைப் பார்த்து மலைக்கும் நம் இல்லத்தரசியர்க்கு இப்பகுதியை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஒருமுறை மகனுடன் திரியெஸ்த் துறைமுகம் சென்றபோது அவர் கடலை முதன்முதலாகக் கண்டார். அன்று எழுந்த ஏக்கம் பிறகு அடங்கவேயில்லை. ஆயினும் அவர் அவசரப்படவில்லை. புதல்வர்கள் படித்து வேலையில் அமரும்வரை காத்திருந்தார். தாயார் விட்டுச்சென்ற சிறு சொத்திலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்தார். 1842 ஆம் ஆண்டு மார்ச் மாதம், நாற்பத்துநான்காம் வயதில், உயில் எழுதி வைத்துவிட்டு, தனியே டான்யூப் ஆற்றில் படகேறினார். கான்ஸ்டாண்டிநோபிளில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போவதாகவே சுற்றத்தாரிடம் சொல்லியிருந்தார். உண்மையில் அவர் நாடிய இடம் ஜெருசலேம். எகிப்தையும் கண்டு ஆண்டிறுதியில் வீடு திரும்பி, தம் நாட்குறிப்பைப் பெயர் போடாமலே நூலாக வெளியிட்டார். அந்நூல் தந்த பணத்தில் 1845 இல் ஐஸ்லாந்து சென்று வந்தார். ஒரு பயணத்தின் ஏடு அடுத்த பயணத்திற்குக் கட்டணம் ஆயிற்று. வழியிற் பிடித்த பூச்சிகளையும் செடிகளையும் பதப்படுத்தி அருங்காட்சியகங்களுக்கு விற்றும் பொருள் தேடினார்.

1846 இல் முதல் உலகப் பயணம் தொடங்கியது. பிரேசிலில் காட்டுவழியே நடந்தபோது ஒருவன் கத்தியுடன் பாய்ந்தான். கையிலிருந்த குடையாலும் ஒரு மடக்குக் கத்தியாலும் அவனை எதிர்த்தார் அம்மையார். தோளில் காயம் பட்டும், வழிப்போக்கர் வந்து காக்கும்வரை விடவில்லை. பிறகு சிலி, தாகித்தி, சீனத்துக் காண்டன் நகர், சிங்கப்பூர். அங்கிருந்து 1847 அக்டோபரில் பினாங்கு வழியாக இலங்கைக்குக் கப்பலேறினார். அக்கப்பற்பாதை நம் பெரிய நிக்கோபாருக்கும் சுமத்திராவுக்கும் இடையே செல்வது என்பதை நம் துறைமுகத்து அன்பர்கள் அறிவர். கண்டியைப் பார்த்தார். சென்னையில் கப்பல் சில மணி நேரமே நின்றது. கல்கத்தா, காசி, டில்லி, அஜந்தா, எல்லோரா எனச் சுற்றிப் பம்பாய் சேர்ந்தார்.

இங்கே ஒன்று கூறவேண்டும். இந்தியாவில் முதல் பயணிகள் இரயில் ஓடியது 1853 இல்! ஈடா அம்மையார் கல்கத்தாவிலிருந்து பம்பாய் வரை சென்றது அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு. மாட்டுவண்டியும் ஒட்டகமும் அவருக்கு வாகனங்களாயின. தண்டவாளமே இல்லாத இத்தீவில் இரயில் சீட்டு எழுதிப் பிழைக்கும் நமக்கு இது வியப்பாகவே இருக்கிறது. கல்லூரிக்குச் செல்லும் மகளின் பெயரைப் படிவத்தில் எழுதும்போதே கூடப்போக யாருமில்லையே என்று கலங்கும் பெற்றோரை நம் மேசை முன்னே ஆண்டுதோறும் காண்கிறோம். மகனுக்குச் சீட்டு வாங்கும்போது அவர்களே அவ்வாறு கலங்குவதில்லை. அக்கலக்கம் பொய்யென்று நாம் கூறவில்லை, நமக்கும் உண்டு. ஆனால் சென்னையிறங்கி ஒரு வண்டி மாறுவதற்கே மகளுக்குத் துணை தேடும் நாம், பாக்தாதிலிருந்து மோசூல் வரை கோவேறு கழுதைக் கூட்டத்தோடு பாலைவெளியில் தனியே சென்ற ஐம்பது வயதுப் பெண்மணியை நினைத்துப் பார்க்கலாம். ரொட்டியும் வெள்ளரிக்காயுமே அவ்வழியில் அவருக்கு உணவு. பாரசீகம், ருஷியா வழியாக 1848 நவம்பரில் அவர் வியன்னா திரும்பினார்.

1851 முதல் 1855 வரை இரண்டாம் முறை உலகைச் சுற்றினார். போர்னியோவில் தலைவேட்டைக்காரர் எனப் பெயர்பெற்ற தயாக் மக்களிடையே தங்கி, அவர்களுடைய நேர்மையை மனமாரப் புகழ்ந்து எழுதினார். 1852 இல் சுமத்திராவின் பட்டாக் நாட்டினுள் நுழைந்தபோது ஆயுதந்தாங்கியவர் பலர் சூழ்ந்துகொண்டு, கழுத்தறுத்துத் தின்றுவிடுவதாகச் சைகை காட்டினர். அம்மையார் முன்பே பாடம் செய்து வைத்திருந்த அவர்கள் மொழிச் சொற்களில், தாம் கிழவியென்றும் தம் இறைச்சி முற்றிப்போய் உண்ண உதவாதென்றும் கூறினார். அவர்கள் வாய்விட்டுச் சிரித்து வழிவிட்டனர். இன்னும் உள்ளே சென்றபோது மேற்செல்லக் கூடாதென்று தடுத்தனர், அவரும் திரும்பினார்.

இவ்விடத்தில் அவரை முழுதும் பாராட்ட நமக்கு மனம் வரவில்லை. அழைப்பின்றிப் பிறர் நிலத்தில் நுழைவதை அக்கால ஐரோப்பியர் உரிமையாகவே கருதினர். அவரும் அதற்கு விலக்கல்லர். கறுத்த மக்களின் தோற்றத்தையும் வழக்கத்தையும் இழித்துரைக்கும் பக்கங்கள் அவர் நூல்களில் உண்டு. 1956 முதல் பழங்குடியினர் காப்பிடங்களுக்குச் சட்டத்தின் வேலியுள்ள இத்தீவுகளில் வாழும் நாம் அதைக் கண்டும் காணாமல் செல்லுதல் தகாது. தடுத்த இடத்தில் திரும்பினாரே, அதையும் உடன் நினைக்கவேண்டும்.

பெர்லின், பாரிஸ் நகரங்களின் புவியியற் கழகங்கள் அவரை மதிப்புறு உறுப்பினராக ஏற்றன. இலண்டன் கழகமோ பெண்ணென்பதால் சேர்க்க மறுத்தது. அக்கழகம் மகளிர்க்குக் கதவை முழுதும் திறந்தது 1913 இல்தான்.

கடைசிப் பயணம் மடகாஸ்கருக்கு. 1857 இல் அந்நாட்டு அரசி ரானவலோனாவின் முன்னிலையில் பியானோ வாசித்தார். சிறுவயதில் விரலைக் காயப்படுத்திக்கொண்டு தப்பிய அதே பியானோ! உடன்வந்த பிரெஞ்சுக்காரர் அரசியைக் கவிழ்க்கச் சதி செய்திருந்தது வெளிப்பட, அவரும் நாடுகடத்தப்பட்டார். சில நாட்களில் கடக்கக்கூடிய வழியில், காய்ச்சல் மலிந்த சதுப்புகளினூடே, ஐம்பத்துமூன்று நாட்கள் படைவீரர் அவரை இழுத்தடித்துக் கடற்கரைக்குக் கொண்டுவந்தனர். நம்மவர் கரும்புத் தோட்டங்களில் உழைத்த மொரீசியஸ் தீவில் சில மாதம் நோயுற்றுக் கிடந்தார். தேறவில்லை.

1858 ஆம் ஆண்டு நம் தீவுகளுக்கும் மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் முதற் கைதிகள் அந்தமானில் இறக்கப்பட்டனர். அதையொட்டிய வாரங்களிலேயே உலகைச் சுற்றப் புறப்பட்ட ஆஸ்திரிய அரசின் நோவாரா என்னும் போர்க்கப்பல், அறிஞர் குழுவையும் நூற்றுக்கணக்கான மாலுமிகளையும் ஏற்றிக்கொண்டு நிக்கோபார் தீவுகளைப் பார்வையிட்டது. அதே ஆஸ்திரிய நாட்டுப் பெண்மணி, அரசுக் கப்பலும் குழுவும் இன்றி இருமுறை உலகைச் சுற்றி முடித்தவர், காய்ச்சலுடன் வியன்னா திரும்பி, அவ்வாண்டு அக்டோபர் இறுதியில், அறுபத்தோராம் வயதில் காலமானார். மடகாஸ்கர்க் குறிப்புகளை மகன் ஆஸ்கர் 1861 இல் நூலாக்கினார். 1892 இல் வியன்னாவின் பெண்கல்விச் சங்கத்தார் முயன்று, அவர் உடலை நகரின் மையக் கல்லறைத் தோட்டத்திற்கு மாற்றி மரியாதையுடன் அடக்கம் செய்தனர்.