ஜாடிக்கு வெளியே ஒரு கடல்

சிறுவாணித் தண்ணி குடிச்சு வளர்ந்த ஊருங்க நம்மளுது. ஆனா இப்போ நம்ம பசங்களுக்கு உப்புத்தண்ணி மேல ஆசை வந்திருக்கு. கப்பி, கோல்டு ஃபிஷ் எல்லாம் வளர்த்துப் பழகியாச்சு, அடுத்தது க்ளவுன் ஃபிஷ், மெரைன் டேங்க்னு ஒரே பேச்சு. டேங்க் வாங்கறதுக்கு முன்னாடி ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சுக்கலாம். அவர் பேர் எட்கர் தர்ஸ்டன்.

1855-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் கிங்ஸ் காலேஜில் மருத்துவம் படித்தார். 1885-ல் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குத் தலைமைப் பொறுப்பாளராக வந்தார். அப்போ அவருக்கு வயசு முப்பதுதான். அந்தக் கால மியூசியத்தில் மீன் என்றால் ஸ்பிரிட் ஊத்தின கண்ணாடி ஜாடிக்குள்ள இருப்பதுதான். கொஞ்ச நாளில் நிறமெல்லாம் வெளுத்துப் போகும். உயிரோட இருந்தப்போ அது எப்படி நீந்துச்சு, என்ன கலர்ல இருந்துச்சுன்னு ஜாடியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

தர்ஸ்டன் ஜாடியோட நிற்கவில்லை. ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் போய்ப் பவளப்பாறைகளைப் பார்த்தார். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பை நேரில் கவனித்தார். 1890-ல் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, கடல் உயிரினங்கள் பற்றி அவர் எழுதியது வெளிவந்தது. எழுதினது அவர்தான். ஆனா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கடலடிக்குப் போய்ச் சிப்பியை எடுத்துட்டு வந்தது முத்துக்குளிக்கிற ஆட்கள். அவங்க பேர் நமக்குத் தெரியாது.

அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. மனுஷங்க தலை, மூக்கு எல்லாத்தையும் கருவி வச்சு அளந்து, சாதிவாரியாகக் கணக்கெழுதினார். நமக்குப் பக்கத்துல இருக்கிற நீலகிரி மக்களையும் விடவில்லை. ரங்காச்சாரி என்பவரின் உதவியோடு தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகளை 1909-ல் வெளியிட்டார். அதில் தகவல் நிறைய இருக்கு. ஆனா மூக்கை அளந்து மனுஷனை வகை பிரிக்கிற அந்த முறையை இன்னிக்கு அறிவியல் ஏத்துக்கறதில்லை. ஒரு விதத்துல அதுவும் உயிருள்ளவங்களை ஜாடிக்குள்ள போட்ட வேலைதான்.

அதே 1909, அக்டோபர் மாதம். மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. அதுக்கு முயற்சி எடுத்தவர் இதே தர்ஸ்டன். இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் என்று அதைச் சொல்வார்கள். கடலுக்குள்ள போகவே முடியாத சாதாரண ஜனங்களும் கடல் மீன் உயிரோட நீந்துறதை நின்னு பார்த்தாங்க.

செத்த மீனை ஜாடியில் வைக்க ஸ்பிரிட் போதும். உயிரோட வைக்கணும்னா கடலையே நடத்திக் காட்டணும். ஒரு லிட்டர் கடல் தண்ணியில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. அப்போ 100 லிட்டர் டேங்குக்கு மூன்றரைக் கிலோ. தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத்தண்ணி இல்லை. மீன் கழிவிலிருந்து வர்ற அம்மோனியாவை பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாவும், அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்தணும். அந்த பாக்டீரியா பெருகவே பல வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி அவசரப்பட்டு மீனை விட்டா செத்துடும். மெரினாவில் கடல் பக்கத்துலயே இருந்துச்சு. கோயம்புத்தூர்ல நாமதான் கலக்கணும், அளக்கணும், காத்திருக்கணும்.

1919-ல் காட்சியகம் மீன்வளத் துறைக்குக் கைமாறியது. தர்ஸ்டன் அதுக்கு முன்னாடியே இங்கிலாந்து திரும்பி, கார்ன்வால் பகுதித் தாவரங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1935-ல் அங்கேயே, பென்சான்ஸ் என்ற கடலோர ஊரில் இறந்தார்.

அவர் காலத்தில் பாறையில் இருந்து எதை வேணும்னாலும் எடுத்துட்டு வரலாம். இப்போ முடியாதுங்க. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குச் சமமான பாதுகாப்பில் இருக்கு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையத்தில் க்ளவுன் ஃபிஷ்ஷைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வச்சிருக்காங்க. அதனால கடைக்குப் போனா, மீன் விலையைக் கேக்கறதுக்கு முன்னாடி அது தொட்டியில் பிறந்ததா, கடல்ல பிடிச்சதான்னு கேளுங்க. பதில் வரலைன்னா வாங்காம வந்துடுங்க.