புலி காத்த வேட்டைக்காரர்

சென்ற திங்கள் ஊரிலிருந்து செய்தி வந்தது. அண்ணனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. பொன்னில் கட்டிய புலிநகம் ஒன்று வாங்கி அணிவிக்க வேண்டுமென்பது அப்பத்தாவின் ஆசை. என் கழுத்திலும் குழந்தைப் பருவத்தில் அது கிடந்ததாம். அணிந்தால் அச்சம் அணுகாதாம். செய்தியைக் கேட்டதும், அண்மையில் நான் படித்த ஜிம் கார்பெட்டின் வாழ்க்கைதான் என் நினைவுக்கு வந்தது.

கார்பெட் 1875-இல் இமயமலைச் சாரலிலுள்ள நைனிதாலில் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சல் நிலையத் தலைவர். இளமையிலேயே தந்தையை இழந்த அச்சிறுவனுக்குக் காலாதுங்கிக் காடே பள்ளியாயிற்று. பறவையின் குரலையும் விலங்கின் அடிச்சுவட்டையும் அவர் நூலைப்போல் கற்றார்.

1907-இல் சம்பாவத்துப் பெண்புலியை வீழ்த்தினார். நேபாளத்திலும் குமாவுனிலும் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட புலி அது. அதன் வாயைத் திறந்து பார்த்தார். வலப்புறக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. என்றோ எவரோ சுட்ட குண்டின் வேலை. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற்போனதால்தான் அது மனிதரை நாடியது என்று அவர் கண்டார். ஊராரோ அப்புலியின் உடலைத் துண்டுதுண்டாக்கித் தம் குழந்தைகளுக்குத் தாயத்தில் வைத்துக் கட்டினர்.

குமாவுன் தாய்மாருக்கும் என் அப்பத்தாவுக்கும் எத்தனை ஒற்றுமை! ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்கள் கட்டியது தங்களை வதைத்த புலியின் துண்டு. நாம் காசு கொடுத்து வாங்குவதோ, எவரையும் தீண்டாத புலியின் நகம்.

கார்பெட்டும் பெருமைக்காகச் சுட்டவரே. 1930-இல் ஆளைத் தீண்டாத பவல்கர்ப் பெரும்புலியைச் சுட்டார். எனினும் காலப்போக்கில் துப்பாக்கியைவிடப் படப்பெட்டியே அவருக்கு இனித்தது. புலியினம் அழிந்துவருவதை எடுத்துச் சொன்னார். 1936-இல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமையத் துணைநின்றார். 1947-இல் கென்யா சென்றவர், 1955-இல் அங்கேயே மறைந்தார். அப்பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புலிகளைக் காக்கும் திட்டம் 1973-இல் அங்கேதான் தொடங்கிற்று.

1972-ஆம் ஆண்டுச் சட்டம் புலிநக வாணிகத்தைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் தோல், எலும்பு, பல், நகம் என்று ஒவ்வொன்றுக்கும் வாங்குவோர் இருக்கும்வரை கள்ள வேட்டை ஓயாது. இராஜஸ்தானத்துச் சாரிஸ்காவில் ஒரு புலிகூட எஞ்சவில்லை என்பது 2005-இல் வெளிப்பட்டது. பின்னர் வேறு காட்டிலிருந்து புலிகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

நண்பர்களே, வேட்டைக்காரனை நாம் பழிப்பது எளிது. அவனுக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று நம் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கவேண்டும். நான் கேட்டேன். அப்பத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, குழந்தைக்கு வெள்ளி அரைஞாணே போதும் என்று சொல்லிவிட்டாள்.