விண்மீன்களின் வெப்பம் அளந்த மேகநாத் சாஹா

வானியல் வரலாற்றில் நீங்கா இடம் பெற்ற அறிஞர் மேகநாத் சாஹா, 1893 ஆம் ஆண்டு அக்டோபர் 6 ஆம் நாள், டாக்கா நகருக்கு அண்மையிலுள்ள சியோரத்தலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சிறு மளிகைக் கடை நடத்தி எட்டுப் பிள்ளைகளைக் காத்து வந்தவர். தொடக்கப் பள்ளிக்கு மேல் படிக்க வைக்க வசதி இல்லை. வேற்றூரில் அனந்தகுமார் தாஸ் என்ற மருத்துவர் தம் இல்லத்தில் இடமும் உணவும் தந்தார். மேகநாத் தம் பாத்திரங்களைத் தாமே கழுவி, அவ்வீட்டுப் பசுவையும் பேணிக் கல்வி பயின்றார்.

வங்கப் பிரிவினையை எதிர்த்த மாணவர் கிளர்ச்சியில் பங்கு கொண்டமையால் டாக்காவில் அவர் பள்ளியினின்று நீக்கப்பட்டார். உதவித் தொகையும் போயிற்று. மற்றொரு பள்ளி ஏற்றுக்கொண்டமையால் படிப்பு தொடர்ந்தது. 1911 இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் சாதி விடவில்லை. தாழ்ந்ததெனக் கருதப்பட்ட குலத்தவர் என்பதால், விடுதியில் அவருடன் அமர்ந்து உண்ண மாணவர் சிலர் மறுத்தனர்.

அத்தகையவர்தாம் 1920 இல் விண்மீன்களின் புதிரை அவிழ்த்தார். விண்மீன் ஒளியைப் பிரித்தால் நிறமாலையில் கருங்கோடுகள் தோன்றும். அவை மீனுக்கு மீன் வேறுபட்டமையால், விண்மீன்கள் வெவ்வேறு பொருளால் ஆனவையோ என்னும் ஐயம் இருந்தது. வெப்பம் மிகுந்தால் அணுக்கள் எலக்ட்ரான்களை இழக்கும். அவ்வாறு இழந்த அணுக்களின் விகிதம் வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது என்று சாஹா சமன்பாடு வகுத்துக் காட்டினார். கோடுகளின் வேறுபாட்டிற்கு வெப்பமே முதற்காரணம் என்பது தெளிவாயிற்று.

அச்சமன்பாட்டைக் கொண்டு 1925 இல் சிசிலியா பெய்ன் அம்மையார், விண்மீன்கள் பெரும்பாலும் ஒரே கலவையின என்றும், அவற்றில் ஹைட்ரஜனே மிகுதி என்றும் கண்டார். அந்த ஹைட்ரஜனே விண்மீன்களின் எரிபொருள். கதிரவனின் நடுவே நொடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதில் 40 லட்சம் டன் அளவு ஆற்றலாகி வெளிப்படுகிறது. நிறமாலைக் கோடுகள் இடம் பெயரும் அளவைக் கொண்டு விண்மீன்களின் வேகத்தையும் அறிகிறோம். கதிரவனும் நொடிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் வேகத்தில் பால்வீதியை வலம் வருகிறது. ஒரு சுற்றுக்கு இருபது கோடி ஆண்டுகளுக்கு மேலாகும்.

1927 இல் லண்டன் ராயல் சங்கம் சாஹாவை உறுப்பினராக ஏற்றது. கல்கத்தாவில் அணு இயற்பியல் நிலையம் கண்ட அவர், 1952 இல் மக்களவைக்கும் தேர்வு பெற்றார். 1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில் மறைந்தார்.

உண்ணும் இடத்தில் வேற்றுமை கண்டவர்க்கு நடுவே வாழ்ந்தவர், விண்ணில் வேற்றுமைக்கு அடியில் நின்ற ஒருமையை அறிய வழி வகுத்தார். மருத்துவர் வீட்டு இடமும் மறுபள்ளியின் கதவும் இல்லையேல் அவ்வறிவு அவ்வூரிலேயே மங்கியிருக்கும். வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், படப்பை வட்டாரத்தில் தங்க இடமின்றியோ கட்டணம் கட்ட வழியின்றியோ எந்தப் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடாமல் காப்பது நம் கடன் என்பதை நெஞ்சில் நிறுத்துவோமாக.